காப்புரிமையின் மதிப்பு எப்போது ஏறுகிறது?

டர்பன் சாட்ஸ்வர்த்திலிருந்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: தம் மகளின் கண்டுபிடிப்புக்குப் பல்கலைக்கழகம் காப்புரிமை பெற்றிருக்கிறதே, வாங்கிப்போட்ட மனையைப் போல அதன் மதிப்பும் ஆண்டுதோறும் ஏறுமா?

ஏறலாம், ஆனால் மனைக்கு இல்லாத கெடு இதற்கு உண்டு. விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகளில் காப்புரிமை முடிந்துவிடும். தென்னாப்பிரிக்காவில் அது வழங்கப்பட்டது என்பதே மதிப்புக்குச் சான்றும் ஆகாது. ஏனெனில் பதிவகம் நெடுங்காலமாகப் படிவங்களைத்தான் சரிபார்த்து வந்துள்ளது, கண்டுபிடிப்பின் புதுமையை அல்ல.

மதிப்பைக் காட்டிக்கொடுப்பது புதுப்பிப்புக் கட்டணமே. மூன்றாம் ஆண்டின் முடிவு தொடங்கி ஆண்டுதோறும் அதைச் செலுத்த வேண்டும். செலுத்தாவிட்டால் உரிமை காலாவதியாகிவிடும். ஆகவே ஒவ்வோர் ஆண்டும் உரிமையாளர், காப்புரிமையின் மதிப்பு கட்டணத்தைவிட அதிகமா என்று கணக்குப் போட்டுப் பார்த்தாக வேண்டும், அந்தக் கணக்கின் விடையும் பதிவேட்டில் பகிரங்கமாக நின்றுவிடுகிறது. ஷாங்கர்மன், பேக்ஸ் என்ற பொருளியலாளர்கள் 1986இல் ஐரோப்பியப் புதுப்பிப்புப் பதிவுகளைக் கொண்டே காப்புரிமைகளின் மதிப்பைக் கணித்தார்கள். மொத்த மதிப்பில் பெரும்பங்கு மிகச் சிலவற்றிடமே குவிந்திருந்தது. இதில் எனக்கு மிகவும் பிடித்த நுட்பம் ஒன்று உண்டு. தொடக்க ஆண்டுகளில் காப்புரிமை ஒரு சல்லிக்காசும் ஈட்டாதபோதும் கட்டணம் கட்டுகிறார்களே, அது வருமானத்துக்கான விலை அன்று, அடுத்த ஆண்டும் முடிவெடுக்கும் வாய்ப்பைக் கையில் வைத்திருப்பதற்கான விலை. கண்டுபிடிப்பு எதற்கு உதவும் என்பது தெளியத் தெளிய அந்த வாய்ப்பின் மதிப்பு கரையும்; அதன் இடத்தை வருமானம் நிரப்பாவிட்டால் காப்புரிமையைக் கைவிட்டுவிடுவார்கள்.

பல்கலைக்கழகக் கண்டுபிடிப்புகளோ பெரும்பாலும் சந்தைக்கு வெகு தொலைவில் பிறப்பவை. அமெரிக்கப் பல்கலைக்கழக அறிவியலாளர்கள் கோஹன், போயர் இருவரும் கண்டுபிடித்த, மரபணுக்களை ஒட்டவைக்கும் முறைக்கு 1974இல் விண்ணப்பித்து 1980இல் காப்புரிமை கிடைத்தது. மரபணுவை ஒட்டி மாற்றிய நுண்ணுயிரிகளில் தயாரான மனித இன்சுலினுக்கு 1982இல் அமெரிக்கா அனுமதியளித்தது. அந்தக் காப்புரிமையால் மொத்தம் ஏறத்தாழ 25.5 கோடி டாலர் வருவாய். அதில் பெரும்பகுதி 1990களில்தான் வந்தது. வழங்கிய நாளிலிருந்து 17 ஆண்டுகள் என்ற அன்றைய அமெரிக்க விதியால் காப்புரிமை 1997 வரை நீடித்தது. விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள் என்ற இன்றைய விதிப்படி 1994இலேயே முடிந்திருக்கும், வளமான மூன்று ஆண்டுகள் கைநழுவியிருக்கும்.

இங்குள்ள பல்கலைக்கழகங்கள் சில காப்புரிமைகளை விடுவதற்குக் காரணம் கண்டுபிடிப்பின் மதிப்பின்மை அல்ல, நிதிப் பற்றாக்குறையே என்பது என் கருத்து. பொது நிதியில் உருவான கண்டுபிடிப்பின் உரிமை தனக்கு வேண்டாமென்று பல்கலைக்கழகம் முடிவு செய்தால், 2008ஆம் ஆண்டுச் சட்டப்படி முதலில் தேசிய அறிவுசார் சொத்து மேலாண்மை அலுவலகத்துக்கும், பிறகு நிதியளித்த தனியார் நிறுவனத்துக்கும், கடைசியாகக் கண்டுபிடித்தவருக்கும் வாய்ப்பு வரும். வாசகரின் மகள் இந்த வரிசையைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.