கிரீட நகையா, முடிக்குரிய செல்வமா?

போன வாரமும் ஒரு பயண நிகழ்ச்சியில் அதே வரி: “லண்டன் கோபுரத்தில் கிரீட நகைகளைப் பார்க்கலாம்.” கோகினூர் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் இந்தக் ‘கிரீட நகைகள்’ வந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் ‘கிரவுன் ஜுவல்ஸ்’ என்பார்கள். சொல்லுக்குச் சொல் வைத்தால் கணக்குச் சரிதான், பொருள்தான் தவறு.

‘கிரவுன்’ லத்தீன் ‘கொரோனா’வின் வழி வந்தது. அங்கே தலையில் சூடும் மாலை, பிறகு மன்னர் சூடும் முடி, கடைசியில் முடியாட்சிக்கே பெயர். ‘கிரவுன் ஜுவல்ஸ்’ என்பதில் நிற்பது அந்தக் கடைசிப் பொருள். அவை கிரீடத்தில் பதித்த நகைகள் அல்ல, அரியணையோடு சேர்ந்த சொத்து. மன்னர் சார்லஸ் நினைத்தாலும் தன் சொந்தப் பொருள்போல விற்க முடியாது. அடுத்து அரியணை ஏறுபவரிடம் அவை அப்படியே போய்ச் சேரும்.

லண்டனில் அப்படி இருப்பவை நூற்றுக்கும் மேற்பட்ட பொருட்கள். செங்கோல், வாள்கள், குதிரையை விரட்டக் குதிகாலில் மாட்டும் குதிமுள், கைக்காப்பு, கழுகு வடிவ எண்ணெய்க் கலம், விருந்துத் தட்டுகள், அரச குழந்தைகளின் ஞானஸ்நானத் தொட்டிகூட உண்டு. 12ஆம் நூற்றாண்டுக் கரண்டி ஒன்றும் இருக்கிறது. 2023 மே 6 அன்று முடிசூட்டு விழாவில் சார்லஸுக்குத் திருப்பூச்சு எண்ணெய் வார்த்தது அதில்தான். அதைக் கிரீட நகை என்று எப்படிச் சொல்வது? கிரீடங்கள் இருக்கும் இடத்தில் மட்டும் பார்வையாளர்களை நகரும் நடைபாதையில் ஏற்றி விடுகிறார்கள். வெளியே வந்ததும் கண்ணில் நிற்பது மன்னருக்கு முடிசூட்டும் 2.23 கிலோ எட்வர்ட் கிரீடம்தான். தவறான பெயர் ஒட்டிக்கொள்ள இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று. 1649இல் இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸின் தலையை வெட்டிய பிறகு, நாடாளுமன்றம் இந்தப் பொருட்களை உடைத்து உருக்கச் சொன்னது. அவை முடியாட்சியின் அடையாளம் என்பதுதான் குற்றம். தப்பிய சிலவற்றில் ஒன்று அந்தக் கரண்டி. இன்றைய எட்வர்ட் கிரீடம் 1661இல் புதிதாகச் செய்தது.

சரி, தமிழில் என்ன சொல்வது? கிரீடம் வடசொல் என்று ‘மணிமுடி அணிகலன்கள்’ என மாற்றியவர்கள் உண்டு. சொல் தூய்மையானது, பிழை அப்படியே இருக்கிறது. எனக்கு வடசொல்லோடு சண்டை இல்லை, பொருள் தெளிவாக இருந்தால் போதும். இலங்கையில் ஆங்கிலேய அரசின் நிலத்தை ‘முடிக்குரிய காணி’ என்றே சட்டத் தமிழில் எழுதினார்கள். கிரீடக் காணி என்று எழுதவில்லை. அந்த மொழிபெயர்ப்பாளர்கள் யோசித்து எழுதியவர்கள். அதே வழியில் ‘முடிக்குரிய செல்வங்கள்’ என்பேன். முடி என்றால் தலைமயிர் என்று புரிந்துகொள்வார்களே என்று ஒரு நண்பர் கேட்டார். ‘முடியாட்சி’, ‘முடிசூட்டு விழா’ என்று படிப்பவர் யாரும் அப்படிக் குழம்புவதில்லையே.

இந்தச் செல்வங்களுக்குள் அடங்கும் சடங்குப் பொருட்களுக்கு ‘ரெகாலியா’ என்று தனிப்பெயர். லத்தீனில் ‘அரசர்க்கு உரியவை’ என்பதே அதன் நேர்ப்பொருள். தொல்காப்பிய மரபியல் படை, கொடி, குடை, முரசு, புரவி, களிறு, தேர், தார், முடி என்று அடுக்கி ‘அரசர்க்கு உரிய’ என்கிறது. அந்தப் பட்டியலிலும் முடி பலவற்றுள் ஒன்றுதான். ‘அரசுச் சின்னம்’ என்றால் இன்று அரசாங்க முத்திரை நினைவுக்கு வரும். அதனால் ‘முடியரசுச் சின்னங்கள்’ என்று வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம் அந்த ‘லண்டன் கோபுரம்’. அகழியும் மதிலும் சூழ்ந்த கோட்டை அது. கோபுரம் என்றதும் நம் கண்ணில் நிற்பது கோயில் வாசல். ‘லண்டன் கோட்டை’ என்று எழுத மொழிபெயர்ப்பாளர்களுக்கு என்ன தடை?