‘அவங்களுக்கு வராது சார்’ என்று சொல்வதற்கு முன்

போன வாரமும் ஒரு தலைமையாசிரியர் அதையேதான் சொன்னார். “ஸ்மார்ட் போர்டு வாங்கிப் போட்டாச்சு சார். வயசானவங்க தொடவே மாட்டேங்கிறாங்க. அவங்களுக்கு வராது.” ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுப்பவன் என்பதால் இதை எத்தனை பள்ளிகளில் கேட்டேன் என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன். போர்டைப் போய்ப் பார்த்தால், உறை போட்டு மூடி, அதன்மேல் செரிமான மண்டலப் படம் ஒன்றை மாட்டியிருந்தார்கள்.

‘வராது’ என்று அவர் சொன்ன ஆசிரியைக்கு 55 வயது. ஓய்வறையில் உட்கார்ந்து, விடைத்தாளை செல்போனில் படமெடுத்து, தப்பான வரியை விரலாலேயே சிவப்பில் வட்டமிட்டு, குரல் பதிவோடு பெற்றோருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். இவருக்கா வராது?

மறுநாள் அவருடைய வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். 40 நிமிட பீரியட். போர்டு பாஸ்வேர்டு கேட்டது. அது தெரிந்த ஒரே ஆள் வேறு வகுப்பில் இருந்தார். ஒரு பையன் ஓடிப்போய்க் கேட்டு வந்தான். உள்ளே நுழைந்ததும் அப்டேட் ஓட ஆரம்பித்தது. படம் வந்தது, சத்தம் வரவில்லை. அதற்குள் 14 நிமிடம் போய்விட்டது. பின்வரிசையில் ஒரு பேனா சண்டை தொடங்கி முடிந்தும் விட்டது. அவர் சாக்பீஸை எடுத்தார். நானாக இருந்தாலும் அதைத்தான் எடுத்திருப்பேன்.

வயதுக்குச் சம்பந்தமே இல்லை என்று சொல்லவில்லை. புதுக் கருவியில் இளையவர்களுக்குக் கை சீக்கிரம் பழகும், சரி. ஆனால் கை பழகுவது வேறு, அதை வைத்துப் பாடம் நடத்துவது வேறு. ஸ்லைடுகளை மடமடவென்று தள்ளிவிட்டு, பிள்ளைகள் எந்த இடத்தில் முழிக்கிறார்கள் என்று திரும்பிக்கூடப் பார்க்காத இளம் ஆசிரியர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பின்னத்தில் பிள்ளைகள் எங்கே தடுக்கி விழுவார்கள் என்று முப்பது வருடம் பாடம் எடுத்தவருக்குத்தான் தெரியும். அந்த ஒரு இடத்துக்கு மட்டும் அசையும் படம் கிடைத்தால் அவர் விட மாட்டார். ‘இது எனக்குப் பயன்படுமா, சுலபமாக இருக்குமா’ என்ற இரண்டு கேள்விகளைத்தான், புதுத் தொழில்நுட்பத்தை மனிதர்கள் ஏன் ஏற்கிறார்கள் என்று ஆராய்ந்த ஃபிரெட் டேவிஸ் 1989-இல் தன் கோட்பாட்டின் மையத்தில் வைத்தார். அதில் பிறந்த தேதி கிடையாது.

வகுப்பில் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்தவிடாத தடைகளை, கல்வி ஆய்வாளர் பெக்கி எர்ட்மர் 1999-இல் இரண்டாகப் பிரித்தார். கருவி, நேரம், பயிற்சி, உதவி இல்லாதது வெளித்தடை. எப்படிக் கற்பிக்க வேண்டும் என்று ஆசிரியர் மனதில் ஊறிப்போன நம்பிக்கை உள்தடை. நம் நிர்வாகிகள் பாஸ்வேர்டு இல்லாததையும்கூட உள்தடை கணக்கில்தான் எழுதுகிறார்கள்.

எங்கள் தொழிலின் குறையையும் சொல்லிவிடுகிறேன். பயிற்சி என்றால் ஒரு நாள், ஒரு பெரிய அறை, கணக்கு ஆசிரியருக்கும் மொழி ஆசிரியருக்கும் ஒரே ஸ்லைடு, எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்ற விளக்கம். சாயங்காலம் சான்றிதழ். (விற்பவர் செய்துகாட்டும் டெமோவில் மட்டும் நெட் அறுந்து நான் பார்த்ததே இல்லை.)

நிர்வாகிகளே, ஒரு போர்டைக் குறைத்து வாங்குங்கள். அந்தக் காசில், கூப்பிட்டால் ஐந்து நிமிடத்தில் வந்து நிற்கும் ஒரு ஆளை வையுங்கள். பாஸ்வேர்டு வகுப்பெடுப்பவர் கையில் இருக்கட்டும். அப்டேட்டெல்லாம் பள்ளி விட்ட பிறகு. போர்டு எத்தனை மணி நேரம் எரிந்தது என்று தயவுசெய்து கணக்குக் கேட்காதீர்கள்; கேட்டால் அதைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் கரும்பலகையில் எழுதுவார்கள். கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறேன். அப்புறம், பிள்ளைகள் முன்னால் “டீச்சருக்கு இது தெரியாது” என்று சிரிப்பதை இன்றோடு நிறுத்துங்கள். அப்படி ஒரு தடவை அவமானப்பட்டவர் மறுபடி அந்தப் பக்கம் போக வருடக்கணக்காகும்.

ஆசிரியர்களிடம் கேட்பது ஒன்றுதான். எல்லாப் பாடத்துக்கும் வேண்டாம். வருடா வருடம் உங்களைப் படுத்துகிற ஒரே ஒரு பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முந்தின நாள் காலி வகுப்பில் ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். சாக்பீஸ் பக்கத்திலேயே இருக்கட்டும், அதில் வெட்கப்பட எதுவுமில்லை.

அன்று சத்தம் வராததற்குக் காரணம், ஸ்பீக்கர் வயரை வேறு துளையில் செருகியிருந்தார்கள். கண்டுபிடிக்க எனக்கே ஆறு நிமிடம் ஆனது.