துலக்குதல்: ‘டெவலப்’ என்ற சொல்லுக்கு உரிய தமிழ்

படம் எடுத்த கேமரா பிலிமைக் ‘கழுவுதல்’ என்பது பேச்சு வழக்கு. எழுதும்போது ‘டெவலப் செய்தல்’ என்கிறோம். அண்மைக் காலமாக ‘பிலிமை மேம்படுத்துதல்’ என்றும் ஆங்காங்கே காண்கிறேன். மூன்றில் இதுதான் மோசம். பிலிமை யாரும் மேம்படுத்துவதில்லை.

டெவலப் என்பதன் வேர் பழைய பிரெஞ்சு மொழியில் இருக்கிறது. சுற்றி மூடியதைப் பிரிப்பது என்பது அதன் முதற்பொருள். கடித உறையைக் குறிக்கும் ‘என்வலப்’ அதன் உடன்பிறப்பு: அது மூடுவது, இது பிரிப்பது. வளர்ச்சி, முன்னேற்றம் என்ற பொருள்கள் பின்னால் வந்து சேர்ந்தவை.

பழைய பொருள் பிலிமுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்பதை 1840 செப்டம்பரில் புகைப்படக் கலையின் முன்னோடியான டால்பாட் கண்டார். வெறுமையாகத் தெரிந்த காகிதத்தின் மீது காலிக் அமிலமும் வெள்ளி நைட்ரேட்டும் கலந்த கரைசலைத் தடவியபோது, அதில் படம் எழுந்தது. ஒளி பட்ட கணத்திலேயே உருவம் பதிந்துவிடுகிறது, கண்ணுக்குத்தான் தெரிவதில்லை. ஒளி பட்ட வெள்ளி உப்புத் துகள் ஒவ்வொன்றிலும் ஒருசில வெள்ளி அணுக்களே அதற்குச் சாட்சி. ‘உள்ளுறை வெப்பம்’ என்று பள்ளியில் படித்தோமே, அதே போக்கில் இதை ‘உள்ளுறை உருவம்’ எனலாம். டெவலப்பர் திரவம் அந்தத் துகள்களைத் தேடிப் பிடித்து முழு வெள்ளியாக மாற்றுகிறது. ஒளி படாதவற்றை ஏறத்தாழ விட்டுவிடுகிறது.

இந்தச் செயலுக்குத் தமிழில் ‘துலக்குதல்’ என்ற சொல் இருக்கிறது. கலைச்சொல்லாக ‘உருத்துலக்கல்’ என்றும், திரவத்தை ‘உருத்துலக்கி’ என்றும் எழுதுவார்கள். பாத்திரம் துலக்குகிறோம், பல் துலக்குகிறோம். அழுக்குக்கு அடியில் பளபளப்பு ஏற்கெனவே இருக்கிறது. துப்புத் துலக்குவதும் நடந்து முடிந்த ஒன்றை வெளிக்கொணர்வதுதான். ‘தொட்டது துலங்கும்’ என்று வாழ்த்துவதும் இதே வேரிலிருந்து. இத்தனையும் ஒரே சொல்லில் இருக்க, வேறு சொல்லை எதற்குத் தேட வேண்டும்?

‘கழுவுதல்’ மீது எனக்குப் பகை இல்லை. ஆனால் அது கடைசிப் படியின் பெயர். வீட்டில் முதன்முறையாக முயல்பவருக்கு ஒவ்வொரு படிக்கும் தனிச்சொல் தேவை. இருட்டில், அல்லது ஒளி புகாத பைக்குள் கைவிட்டு, பிலிமைச் சுருளில் ஏற்றித் தொட்டியில் மூட வேண்டும். பிறகு ‘துலக்கி’ என்ற அந்த டெவலப்பர் திரவம், அதன் வேலையை நிறுத்த மெல்லிய அசெட்டிக் அமிலம், அதாவது ‘நிறுத்தி’, அதையடுத்து ஒளி படாத வெள்ளி உப்பைக் கரைத்தெடுக்கும் ‘நிலைநிறுத்தி’. வழக்கில் ஹைப்போ என்பது இதைத்தான். ஹைப்போ வெள்ளி உப்பைக் கரைக்கும் என்பதை ஆங்கில அறிவியலாளர் ஜான் ஹெர்ஷல் 1819-லேயே கண்டிருந்தார். இவற்றுக்குப் பிறகே நீரில் கழுவல். துலக்கலையும் கழுவல் என்று அழைத்தால், வெப்பநிலையும் நேரமும் அங்கே எவ்வளவு முக்கியம் என்பது சொல்லிலேயே மறைந்துவிடுகிறது. தண்ணீர் ஊற்றிக் கழுவுபவர் வெப்பமானியைத் தேடுவாரா?

டெவலப்பர் என்றதும் மென்பொருள் எழுதுபவர் நினைவுக்கு வரும் காலம் இது. அவர் ‘உருவாக்குநர்’. போத்தலில் இருப்பது ‘துலக்கி’. குறிப்பேட்டில் நான் எழுதுவது இப்படி:

பிலிம்: எச்பி5 பிளஸ். துலக்கி: டி-76, நீர் கலக்காதது. 20 டிகிரி செல்சியஸ். துலக்கிய நேரம்: 7.5 நிமிடம்.