எபுலிஸ்: ஈறா, ஈத்தா?

காங்கேயம் பக்கம் உறவுக்காரப் பெண்ணுக்கு எட்டாம் மாத ஸ்கேன். ரிப்போர்ட்டில் ‘எபுலிஸ்’ என்று இருந்தது. வயிற்றிலிருக்கும் குழந்தைக்கு வாயில் ட்யூமராம் என்று யாரோ சொல்ல, அம்மிச்சி (எங்கள் பக்கம் பாட்டி) என்னைப் பிடித்துக்கொண்டார்: “ஏங்கண்ணு, புள்ளைக்குப் புத்தா?”

புற்று இல்லை. ட்யூமர் என்ற லத்தீன் சொல்லுக்கே வீக்கம் என்றுதான் பொருள். எபுலிஸ் கிரேக்கச் சொல். எபி என்றால் மேல், ஊலோன் என்றால் ஈறு. ஈற்றின்மேல் இருப்பது, அவ்வளவுதான். பெரியவர்களுக்கு ஈற்றில் வரும் பலவகைக் கட்டிகளையும் இப்படிச் சொல்வதுண்டு. பிறவியிலேயே வருவது தனி வகை. 1871-இல் நாய்மன் என்ற ஜெர்மன் மருத்துவர் விவரித்தது. பெரும்பாலும் பெண் குழந்தைகளுக்கு, மேல் ஈற்றின் முன்பக்கம், வழவழப்பாக, பலசமயம் ஒரு காம்போடு இருக்கும்.

தமிழில் ‘ஈற்றுக்கட்டி’ எனலாம். ஆறு, ஆற்றுநீர் ஆவதுபோல. இலக்கணம் சரி. ஆனால் எங்கள் ஊரில் ஈற்று என்றால் மாடு கன்று போடுவது. தலையீத்தா, ரெண்டாம் ஈத்தா என்று கேட்டுத்தான் மாட்டுக்கு விலையே பேசுவோம். ஈற்றுக்கட்டி என்றால் அம்மிச்சிக்குக் கன்று போட்ட மாட்டின் மடிவீக்கம்தான் நினைவுக்கு வரும். அதனால் ‘பிறவிப் பல்லீற்றுக் கட்டி’ என்பதே என் தேர்வு. பல்லே இல்லாத பிள்ளைக்குப் பல்லீறா என்று கேட்கலாம். பல் முளைக்கும் இடம் அதுதானே!

“பல்லீறுல ஒரு சதைக்கட்டிங்க அம்மிச்சி, புத்து இல்லீங்க” என்றேன். அடுத்த கேள்வி உடனே வந்தது: “அப்பப் பால் குடிக்குமா?”

மருத்துவர்கள் பார்ப்பதும் அதைத்தான், கூடவே மூச்சையும். கட்டி பெரிதானால் சிசுவால் பனிக்குடநீரை விழுங்க முடியாது, நீர் கூடிவிடும். மூச்சுப்பாதை திறந்திருக்கிறதா என்று எம்.ஆர்.ஐ.யில் பார்ப்பார்கள். குழந்தை அறுவை மருத்துவரும் மயக்க மருத்துவரும் இருக்கும் இடத்தில் பிரசவம் வைத்துக்கொள்வது நல்லது. மூச்சை அடைக்கும் அளவு பெரிய கட்டி என்றால், சிசேரியனில் தலையையும் தோளையும் மட்டும் வெளியே எடுத்து, தொப்புள்கொடி வழியாக ஆக்சிஜன் போய்க்கொண்டிருக்கும்போதே தொண்டையில் குழாய் வைத்துவிட்டு, அப்புறம்தான் கொடியை அறுப்பார்கள். பெரும்பாலோருக்கு இது தேவைப்படாது. பிறந்தபின் கட்டி வளர்வதில்லை. சிறியது தானாகவே சுருங்குவதும் உண்டு. பால் குடிக்கத் தடையாக இருந்தால் காம்போடு வெட்டி எடுப்பார்கள், திரும்ப வராது.