சமைப்பது நீங்கள், கடை யார் பெயரில்?

மெஸ், டிபன் கடை, கேட்டரிங், கிளவுட் கிச்சன் என்று உணவுத் தொழில் செய்பவர்களின் கணக்குகளைப் பல வருடங்களாகப் பார்த்து வருகிறேன். கைப்பக்குவத்தில் குறை சொல்ல முடியாத பெண்கள் இதில் நிறையப் பேர். அவர்களுடைய ஃபைலைத் திறந்தால், கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பாதிக்கு மேல் வேறு யாருடைய பெயராவது இருக்கும். இந்த விஷயத்தை எல்லோரும் சாதாரணமாக எடுத்துக்கொள்வதுதான் எனக்குக் கவலை.

மெஸ் நடத்தும் ஒரு பெண்மணி இரண்டாவது கிளை தொடங்க லோன் வேண்டும் என்று வந்தார். விடிவதற்கு முன்பே அடுப்பைப் பற்றவைப்பவர். மளிகைக்காரரிடம் விலை பேசுவது, மாஸ்டருக்குச் சம்பளம் கொடுப்பது, வத்தக்குழம்பைத் தாளிப்பது வரை எல்லாம் அவரேதான். வாடகை ஒப்பந்தம் கணவர் பெயரில், உணவுப் பாதுகாப்புப் பதிவு கொழுந்தனார் பெயரில். கல்லாவில் இருக்கும் கியூஆர் பெட்டி நாள் முழுக்க "பணம் பெறப்பட்டது" என்று சொல்கிறது, அந்தப் பணம் போவதும் கொழுந்தனார் கணக்குக்குத்தான். "எல்லாம் வீட்டுக்குள்ளதானே மேடம்" என்றார். வீட்டில் சண்டை சச்சரவு ஒன்றும் கிடையாது, நல்ல மனிதர்கள். ஆனால் வங்கி கேட்டது அவர் பெயரில் வருமான வரிக் கணக்கு. அப்படி ஒன்று இல்லை. இத்தனை வருடம் வியாபாரம் செய்தவர், வங்கியின் பார்வையில் வருமானமே இல்லாத குடும்பத் தலைவி.

இத்தொழிலில் உயர்ந்த பெண்களின் கதையைப் படிக்கும்போது நான் தேடிப் பார்ப்பது ஒன்றுதான். எந்தக் கட்டத்தில் தொழில் அவர்கள் கைக்கு வந்தது? பிரான்சின் லியோன் நகரில் யூஜெனி பிரேசியே பண்ணை வேலையிலும் பிறர் சமையலறையிலும் உழைத்துவிட்டு, 1921-இல் தன் பெயரிலேயே உணவகம் திறந்தார். 1933-இல் அவருடைய இரண்டு உணவகங்களும், உணவகங்களைத் தரம் பிரிக்கும் மிஷலின் கையேட்டின் உச்ச மதிப்பான மூன்று நட்சத்திரம் பெற்றன. கொல்கத்தாவில் பிறந்து லண்டனில் வாழும் அஸ்மா கான் சட்டத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். 2012-இல் வீட்டுக்கே ஆட்களை அழைத்துக் கட்டண விருந்து வைத்தார். பிறகு ஒரு மதுவிடுதியின் சமையலறையில் கடை போட்டு, யார் வருகிறார்கள், எது போகிறது என்று பார்த்தார். சொந்த உணவகம் 2017-இல்தான். வாடகைக்கு முன்பே வாடிக்கையாளரைச் சேர்த்துக்கொண்டவர் என்பதால் அவர் வழி எனக்குப் பிடிக்கும்.

நமக்குப் பக்கத்து உதாரணம் சென்னையின் பெட்ரிஷியா நாராயண். வீட்டில் ஊறுகாய், ஜாம் செய்து விற்றவர், 1980-களின் தொடக்கத்தில் மெரினாவில் தள்ளுவண்டி போட்டார். முதல் நாள் விற்றது ஒரே ஒரு காபி. அடுத்து குடிசை மாற்று வாரியம், வங்கி, துறைமுக மேலாண்மைப் பயிற்சி நிறுவனம் என்று கேண்டீன் எடுத்து நடத்தினார். பிறகு ஓர் உணவகக் குழுமத்தில் பங்குதாரர் ஆனார். திருமணமான மகளைச் சாலை விபத்தில் பறிகொடுத்த பின், 2006-இல் மகள் நினைவாக 'சந்தீபா' உணவகத்தைத் தொடங்கினார். 2010-இல் இந்தியத் தொழில் வணிகக் கூட்டமைப்பான ஃபிக்கியின் சிறந்த பெண் தொழில்முனைவோர் விருது கிடைத்தது.

தள்ளுவண்டியைப் பற்றித்தான் எல்லோரும் நெகிழ்ந்து எழுதுகிறார்கள். தொழில் கண்ணோடு பார்த்தால் அவரைத் தூக்கிவிட்டது கேண்டீன்கள்தான் என்பேன். பெரும்பாலும் இடத்துக்குப் பெரிய அட்வான்ஸ் கிடையாது. எத்தனை பேர் சாப்பிடுவார்கள் என்று முதல் நாளே ஓரளவு தெரியும், மீந்துபோவது குறைவு. ஐந்நூறு பேருக்கு ஒரே ருசியில் சமைக்கக் கை பழகும். ஆள் நிர்வாகமும் அங்கேதான் பழகுகிறது.

கேண்டீனில் கஷ்டம் பில் பணம் வராமல் இழுப்பது. மளிகைக்கு ரொக்கம் கொடுத்துவிட்டு, நிறுவனத்தின் அக்கவுண்ட்ஸ் பிரிவுக்கு நடையாய் நடப்பவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே, குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவை உங்கள் பெயரில் எடுத்துவிடுங்கள். ஆதாரும் பானும் போதும், அரசுத் தளத்தில் கட்டணமே கிடையாது. பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனத்துக்கு 15 நாளில் பணம் தர வேண்டும். எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் தள்ளக் கூடாது. மீறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. 2006-ஆம் ஆண்டின் சட்டம் இது. பில்லில் உத்யம் எண்ணைப் போட்டு அனுப்பினாலே அக்கவுண்ட்ஸ்காரர் பேசும் தொனி மாறும்.

பங்குதாரர் ஆகும் இடத்தில்தான் பெண்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். "நான் பணம் போடுறேன், நீங்க சமையலைப் பாத்துக்கோங்க" என்று வாய்ப்பேச்சில் ஆரம்பிப்பார்கள். 1932-ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் சொல்லாவிட்டால் லாபமும் நஷ்டமும் சரிபாதி, வேலை செய்யும் பங்குதாரருக்குச் சம்பளம் கிடையாது. பன்னிரண்டு மணி நேரம் அடுப்படியில் நின்றவருக்கும் வாரம் ஒருமுறை கல்லாவை எட்டிப் பார்ப்பவருக்கும் ஒரே பங்குதான், நஷ்டமென்றால் அதிலும் பாதி. பத்திரத்தில் உங்கள் மாதச் சம்பளம், லாபப் பங்கு, வங்கிக் கணக்கில் கையெழுத்து உரிமை, பிரிந்தால் கடைப்பெயர் யாருக்கு என்பது எல்லாம் வர வேண்டும். அந்தக் கூட்டுநிறுவனத்தைப் பதிவும் செய்யுங்கள். பதிவில்லாமல், பாக்கி வைத்தவர் மீதோ பங்காளி மீதோ ஒப்பந்த உரிமை கேட்டு வழக்குப் போட வழியில்லை.

வரிக் கணக்கு என்றாலே பயப்படுகிறார்கள். சிறு வியாபாரிகளுக்கு உத்தேச வரித் திட்டம் இருக்கிறது. வங்கி வழியாகவோ டிஜிட்டலாகவோ வந்த விற்பனையில் 6 சதவீதம், ரொக்கத்தில் 8 சதவீதம் லாபம் என்று காட்டிக் கணக்குத் தாக்கல் செய்யலாம். பலருக்கு வரியே வராது. ஆனால் அந்தத் தாள்தான் நாளைக்கு லோன் கேட்கும்போது பேசும்.

மெஸ் நடத்துபவருக்குப் புதிதாக உணவுப் பாதுகாப்புப் பதிவு எடுக்கச் சொன்னேன். பழைய பதிவை இன்னொருவர் பெயருக்கு அப்படியே மாற்ற முடியாது. நடப்புக் கணக்கு தொடங்கி, கியூஆர் பெட்டியை அதோடு இணைத்தார். லோன் இப்போதைக்கு இல்லை, இரண்டு வருடக் கணக்குச் சேர வேண்டும். இரண்டாவது கிளைக்குப் பார்த்த இடத்தின் உரிமையாளர் 11 மாத ஒப்பந்தம்தான் போடுவேன் என்கிறார். புகைபோக்கி, எக்ஸாஸ்ட், கழிவுநீரில் எண்ணெய்ப் பிசுக்கைப் பிடிக்கும் கிரீஸ் டிராப் என்று லட்சக்கணக்கில் செலவழித்த பிறகு காலி பண்ணச் சொன்னால் அவற்றை எங்கே தூக்கிக்கொண்டு போவது? குறைந்தது ஐந்து வருடத்துக்குப் பதிவு செய்த குத்தகை, அதுவும் அந்தப் பெண்மணியின் பெயரிலேயே கேட்கச் சொல்லியிருக்கிறேன். உரிமையாளர் சம்மதிக்காவிட்டால் வேறு இடம் பார்ப்போம்.