கல்லிங் என்றால் களையெடுப்பா?

போன மாதம் காரைக்குடியில் ஒரு கல்யாண வீடு. பந்திக்குக் காத்திருந்த நேரத்தில் பக்கத்தில் இரண்டு பேர் நாய்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் சிப்பிப்பாறை வைத்திருப்பவர், மற்றவர் ராஜபாளையம். "ஈத்துக்கு எட்டுக் குட்டி போட்டா அஞ்சையாவது களையெடுத்துரணும், அப்பத்தான் லைன் நிக்கும்" என்றார் முதலாமவர். இந்தக் 'களையெடுப்பு' ஒரு வருஷமாக என்னைத் துரத்துகிறது. வீடியோக்களில் வருகிறது, மொழிபெயர்த்த கட்டுரைகளில் வருகிறது, ஒரு நாய்க் கண்காட்சி மேடையில்கூடக் கேட்டேன். ஆங்கிலத்தில் 'கல்லிங்' என்று சொல்வதற்கு இதுதான் நல்ல தமிழ் என்று யாரோ சொல்லிவிட்டார்கள், எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். தமிழ்தான், சந்தேகமில்லை. ஆனால் பொருள் தப்பு. அந்தத் தப்பு சொல்லோடு நிற்காமல் குட்டிகளின் தலையில் விடிகிறது என்பதால்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் மூலம். 'கல்' (cull) என்ற ஆங்கிலச் சொல் பழைய பிரெஞ்சு வழியாக லத்தீனின் 'கொல்லிகெரே'யிலிருந்து வந்தது. ஒன்றுசேர்த்தல், பொறுக்குதல் என்று பொருள். 'கலெக்ட்' என்பதும் அங்கிருந்து வந்ததுதான், 'செலெக்ட்' என்பதற்குள் இருக்கும் வேரும் அதே 'லெகெரே'தான். நல்லதைப் பொறுக்கி எடுப்பது என்பதுதான் முதற்பொருள். பிறகு பொறுக்கியபின் ஒதுங்கிக் கிடப்பதற்கும் அதே பெயர் வந்தது, காட்டு விலங்குகளின் எண்ணிக்கையைக் குறைக்கச் சுடுவதற்கும் வந்தது. நாய் வளர்ப்பில் அதன் பொருள், ஒரு நாயை இனவிருத்திக்கு விடாமல் விலக்குவது. கொல்வது அதில் ஒரு வழியாக ஒரு காலத்தில் இருந்தது, ஆனால் சொல்லின் பொருள் அதுவல்ல.

சரி, களை என்றால் என்ன? வயலில் நாம் நெல்லை விதைக்கிறோம், கோரை முளைக்கிறது. நாம் விதைக்காதது, வேறு இனம், பயிரின் சோற்றைத் தின்பது. அதுதான் களை. 'கொலையிற் கொடியாரை வேந்தொறுத்தல் பைங்கூழ் களைகட் டதனொடு நேர்' என்று குறள் (550) சொல்லும்போது கொலைகாரர்களைத்தான் களையோடு ஒப்பிடுகிறது. களையெடுப்பு ஆதரவாளர் ஒருவர் என்னிடம் இந்தக் குறளையே சான்றாகக் காட்டினார். வள்ளுவர் கொடியவர்களுக்குச் சொன்ன உவமையை, கண் திறந்து பத்து நாள் ஆன குட்டிக்கு எப்படி ஐயா பொருத்துவது? அந்தக் குட்டி அதே தாய்க்கும் அதே தகப்பனுக்கும் பிறந்தது, அதே மடியில் பால் குடிப்பது. பயிருக்குள்ளேயே இனம் மாறி நிற்பதை எடுப்பதற்குக்கூட விதைப்பண்ணைக்காரர்கள் களையெடுப்பு என்று சொல்வதில்லை, 'கலவன் நீக்குதல்' என்றுதான் சொல்கிறார்கள். வயல்காரனுக்குத் தெரிந்திருக்கிற இந்த வித்தியாசம் மொழிபெயர்ப்பாளருக்குத் தெரியவில்லை.

இதைவிடப் பெரிய கேடு ஒன்று இருக்கிறது. களையைப் பிடுங்கிவிட்டால் வயல் சுத்தம், மிச்சமெல்லாம் பயிர். நாயில் அப்படி இல்லை. மறைந்து வருகிற ஒரு பரம்பரைக் குறை குட்டியில் தெரிகிறதென்றால், தாய், தகப்பன் இரண்டுமே அதைச் சுமக்கின்றன என்று அர்த்தம். அப்படிப்பட்ட ஜோடிக்குச் சராசரியாக நான்கில் ஒரு குட்டி குறையோடு பிறக்கும். நல்லதாகத் தெரிகிற மிச்சக் குட்டிகளில் மூன்றுக்கு இரண்டு அந்தக் குறையை வெளியே காட்டாமல் சுமந்துகொண்டிருக்கும். குறைக்குட்டியைத் தூக்கி எறிந்துவிட்டு அதே ஜோடியை அடுத்த பருவத்திலும் சேர்த்தால் எந்தக் களையை எடுத்தீர்கள்? நிறுத்த வேண்டியது அந்த ஜோடியை. களை என்ற சொல் பார்வையைக் குட்டியின் பக்கம் திருப்பிவிட்டு, ஜோடி சேர்த்தவரைத் தப்பிக்க விடுகிறது. ராஜபாளையத்தில் பால் வெள்ளையும் ரோஜா நிற மூக்கும் வேண்டும் வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாகக் கேட்டார்கள், நிறமி குறையக் குறையச் செவிட்டுக் குட்டிகளும் கூடவே வந்தன. செவிட்டுக் குட்டி களையா? நாம் கேட்டு வாங்கிய நிறத்தோடு சேர்ந்து வந்த விளைச்சல் அது.

இதற்குச் சரியான தமிழ்ச் சொல் எங்கள் கண்மாய்க் கரையிலேயே இருக்கிறது: கழித்தல். செட்டிநாட்டுப் பக்கம் அறுப்பு முடிந்த வயல்களில் ஆட்டுக் கிடை போட வரும் கீதாரிகளிடம், அதாவது மந்தை மேய்ப்பவர்களிடம், பேசிப் பாருங்கள். பொலிக்கு, அதாவது இனவிருத்திக்கு, வைத்துக்கொண்ட கிடாய் பொலிகிடா. மற்றது 'கழிச்ச கிடா'. பல் போன ஆடு 'கழிச்ச ஆடு'. அதில் பகை இல்லை, பழி இல்லை, இந்த வேலைக்கு இது வேண்டாம் என்ற கணக்கு மட்டும் இருக்கிறது. வட்டிக்கடைக் கணக்கிலும் கழிவு உண்டு, துணிக்கடை விலையிலும் கழிவு உண்டு. நன்னூலின் 'பழையன கழிதலும் புதியன புகுதலும் வழுவல கால வகையினானே' என்ற நூற்பா பள்ளியில் படித்த எல்லோருக்கும் தெரியும். அங்கே கழிந்த சொற்கள் குற்றவாளிகள் அல்ல, வழக்கிலிருந்து விலகியவை, அவ்வளவுதான். மலம் கழித்தல் நினைவுக்கு வருகிறதே என்று ஒரு நண்பர் முகம் சுளித்தார். பொழுது கழிக்கிறோம், பத்திலிருந்து மூன்றைக் கழிக்கிறோம், அப்போதெல்லாம் அந்த நினைவு வருவதில்லை. பழைய வழக்கில் 'கழி' மிகுதியையும் குறிக்குமே என்று இன்னொருவர். கழிபேரிரக்கம் என்பதில் அது உரிச்சொல், இது வினை. குழம்ப இடமே இல்லை.

ஆனால் கழித்தல் மட்டும் போதாது. எப்போது கழிப்பது என்று கேட்டால் இன்னொரு சொல் வேண்டியிருக்கிறது, அதுவும் கீதாரிகளிடமே இருக்கிறது. சிறு வயதில் எங்கள் அம்மான் வீட்டுத் தோட்டத்தை ஒட்டி ஒரு கிடை போட்டிருந்தார்கள். அதில் ஒரு செவலை நாய்க்குட்டி, ஆறு மாதம் இருக்கும், ஆடு திரும்பிப் பார்த்தாலே போய்ப் பதுங்கிக்கொள்ளும். இதை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். கீதாரி சொன்னார்: "இது தேறும் தம்பி. ஒரு மழைக்காலம் போகட்டும். தேறலேன்னா அப்பக் கழிச்சுக்கிருவோம்." அடுத்த வருஷம் அவர்கள் வந்தபோது ராத்திரியில் கிடையைச் சுற்றி வந்தது அந்த நாய்தான்.

தேறும் என்ற அந்த ஒரு சொல்லில் எவ்வளவு இருக்கிறது பாருங்கள். தேறுதல் என்றால் தெளிதல், நலமாதல், தகுதி பெறுதல். கலங்கின தண்ணீர் தேறும், காய்ச்சலில் கிடந்த பிள்ளை தேறும், பரீட்சையில் பையன் தேறுவான். அதன் பிறவினை தேற்றுதல். தேற்றாங்கொட்டையைப் பானையின் உள்பக்கம் உரசிவிட்டால் கலங்கல் அடியில் இறங்கித் தண்ணீர் தெளிவதை எங்கள் ஆச்சி வீட்டில் பார்த்திருக்கிறேன். உரசிய கையோடு தெளியாது, நேரம் கொடுக்க வேண்டும். ஆங்கிலத்தில் 'டெவலப்மெண்ட்' என்கிறார்களே, நாயைப் பொறுமையாக ஆளாக்குவது, அதற்கு 'மேம்பாடு', 'வளர்ச்சி' என்றெல்லாம் எழுதுகிறார்கள். மேம்பாடு சாலைக்கும் நகராட்சிக்கும் சரி. நாய்க்குத் தேற்றுதல்தான். தேர்ந்து எடுப்பது தேர்தல், தானாகத் தகுதிக்கு வருவது தேறுதல், வர வைப்பது தேற்றுதல். 'தேறற்க யாரையும் தேராது' என்ற குறளில் (509) இரண்டு வினைகளும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. ரகரமும் றகரமும் மாறினால் பொருள் மாறும் என்பதைக்கூடக் கவனிக்காமல் 'நாய் தேர்ந்துவிட்டது' என்று எழுதுகிறவர்களை என்ன சொல்ல.

கண்டிப்பான தேர்வு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது இல்லாமல் வேலை நாய் என்று ஒன்று உருவாகியே இருக்காது. ரஷ்யாவின் நோவோசிபிர்ஸ்கில் 1959-இல் மரபியலாளர் பெல்யாயெவ் தொடங்கிய நரி ஆய்வில் நரிகளுக்கு எந்தப் பயிற்சியும் கொடுக்கவில்லை. மனிதனைக் கண்டு மிரளாத சிலவற்றை மட்டும் ஒவ்வொரு தலைமுறையிலும் பொலிக்கு விட்டார்கள். சில தலைமுறைகளிலேயே வாலாட்டும் நரிகள் வந்தன. தேர்வின் பலம் அது. பிரிட்டனின் ஆட்டு நாய்க்காரர்களும் கண்டிப்பானவர்கள்தான். 1873-இல் வேல்ஸின் பாலா என்ற ஊரில் போட்டி நடத்தி, வளர்ந்த நாயை ஆட்டு மந்தைக்கு நடுவே இறக்கித்தான் எடை போட்டார்கள். பார்டர் காலி என்ற ஆட்டு நாய் இனத்தின் முன்னோடி என்று சொல்லப்படும் ஓல்ட் ஹெம்ப் என்ற நாய் 1893-இல் பிறந்தது. அதன் தகப்பன் சாது, கண்ணில் வேகம் இல்லாதது. தாய் பார்வையாலேயே ஆட்டை மடக்கும், ஆனால் கூச்ச சுபாவம். நம்மூர் களையெடுப்புக்காரர் கையில் கிடைத்திருந்தால் இரண்டுமே மிஞ்சியிருக்காது.

எட்டு வாரத்திலேயே தீர்ப்புச் சொல்லிவிடலாம் என்ற நம்பிக்கைதான் எனக்கு ஒப்பவில்லை. சுவீடனில் 600-க்கும் மேற்பட்ட ஜெர்மன் ஷெப்பர்டு குட்டிகளை எட்டாவது வாரத்தில் சோதித்து, வளர்ந்தபின் மறுபடியும் சோதித்தார்கள். குட்டியில் எடுத்த மதிப்பெண்ணை வைத்து, வளர்ந்த நாய் வேலைக்கு ஆகுமா என்று சொல்ல முடியவில்லை. 1998-இல் வெளிவந்த ஆய்வு இது. கலிபோர்னியாவில் பார்வையற்றோருக்கு வழிகாட்டும் நாய்களைப் பழக்கும் நிறுவனத்தில் 1946-இல் பயிற்சிக்கு வந்த நாய்களில் 9 சதவீதம்தான் தேறின. 1958-இல் 90 சதவீதம். பெற்றோர்களைத் தேர்ந்து எடுத்ததும் அதற்குக் காரணம், குட்டிகளைச் சின்னதிலேயே வீடுகளில் விட்டு மனிதர்களோடு பழக வைத்ததும் காரணம். மூன்றாம் வாரத்திலிருந்து பன்னிரண்டாம் வாரம் வரை மனிதக் கை படாத குட்டி பிறகு எளிதில் தேறாது என்று அமெரிக்காவின் பார் ஹார்பரில் நடந்த நீண்ட ஆய்வும் காட்டியது. அந்த வாரங்களில் குட்டியைக் கொட்டகையில் அடைத்துவிட்டு, பிறகு மிரள்கிறது என்று கழித்தால் குறை யாருடையது?

எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு இது புரிந்திருந்தது. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் வட்டிக்கடைக்கு வேலை பழக அனுப்பிய பெட்டியடிப் பையனை முதல் மாதத்திலேயே யாரும் திருப்பி அனுப்பவில்லை. அவன் பெட்டியடியில் உட்கார்ந்து பேரேடு பார்க்கக் கற்று, அடுத்தாளாகி, பிறகு மேலாள் ஆவான். போனால் ஒரு கணக்கு, அதாவது மூன்று வருஷம். தேறாதவனும் உண்டு, அவனை ஊருக்கு அனுப்பி வேறு தொழிலில் வைப்பார்கள். அவனைக் களை என்று யார் சொன்னார்கள்?

அப்புறம், இந்த மொழிபெயர்ப்புகளில் களையெடுப்பு ஒன்றுதான் கோளாறு என்றில்லை. 'உழைக்கும் நாய்கள்' என்று ஒரு கட்டுரையில் படித்தேன். உழைக்கும் மக்கள் என்ற அச்சில் நாயை வார்த்துவிட்டார்கள். வேலை நாய் என்றால் போதும், அதையும்விடக் காவல் நாய், கிடை நாய், வேட்டை நாய் என்று பிரித்துச் சொல்வதுதான் நம் வழக்கம். 'பிரீடர்' என்பவரை 'இனப்பெருக்கம் செய்பவர்' என்று எழுதியிருந்தார்கள், படிக்கவே கூச்சமாக இருக்கிறது. இனப்பெருக்கம் நாய் செய்வது. ஆள் செய்வது இனவிருத்தி. பொலிகாளை, பொலிகிடா என்று பொலி என்ற அழகான சொல் மாட்டுக்கும் ஆட்டுக்கும் இருக்கும்போது, பொலிநாய் என்று எழுத ஏன் யாருக்கும் தோன்றவில்லை? அகராதியைத் திறக்கிறார்கள், கிடைப் பக்கம் போவதில்லை.

பந்தி முடிந்ததும் அந்தச் சிப்பிப்பாறைக்காரரிடம் போய், அஞ்சையும் எத்தனாவது நாளில் எடுப்பீர்கள் என்று கேட்டேன். நாற்பது நாளில் என்றார். அவர் சொன்னதை நான் இப்படித்தான் எழுதுவேன்: எட்டில் எது தேறும் என்று ஒன்றரை வயது வரை பார்க்கிறோம், சுணங்குவதைத் தேற்றிப் பார்க்கிறோம், அப்படியும் தேறாததைப் பொலிக்கு விடாமல் கழித்து, கருத்தடை செய்து, காவலுக்கோ வீட்டுக்கோ கொடுக்கிறோம், குறை மறுபடி வந்தால் அந்த ஜோடியையும் கழிக்கிறோம். ஒன்றரை வருஷம் எட்டுக் குட்டிக்கும் சோறு போட யாரால் முடியும் என்று கேட்டார். நியாயமான கேள்விதான். சோறு போட முடிகிற அளவுக்கு ஈத்து எடுங்கள் என்றேன்.