ஆழ்கடலில் துளையிடும் முன்: எங்கே நிறுத்துவது என்பதை முதலில் எழுத வேண்டும்

மெக்சிகோ வளைகுடாவில் 2010 ஏப்ரல் 20 அன்று இரவு டீப்வாட்டர் ஹொரைசன் என்ற மிதக்கும் துளையிடு மேடை (ரிக்) வெடித்து 11 பேர் உயிரிழந்தார்கள். அந்த விபத்தைப் பற்றிப் பேசுபவர்களில் பெரும்பாலோர், கடலடியில் கிணற்றின் வாயில் பொருத்தப்பட்டிருந்த பி.ஓ.பி. என்ற அடைப்புக் கருவி ஏன் வேலை செய்யவில்லை என்றுதான் கேட்கிறார்கள். ஆழ்கடல் ஆய்வுக் கிணறுகளைத் திட்டமிடுவதைத் தொழிலாகக் கொண்ட எனக்கு அதற்கு முந்தைய ஒரு வாரம்தான் அதிகம் உறுத்துகிறது. மகோண்டோ என்று பெயரிடப்பட்ட அந்தக் கிணற்றைத் தற்காலிகமாக மூடிவிட்டு ரிக் வேறிடம் போக வேண்டியிருந்தது. அப்படி மூடுவதற்கான செயல்முறை ஏப்ரல் 12-க்கும் 20-க்கும் இடையில் திரும்பத் திரும்ப மாற்றப்பட்டது. கடைசி வடிவம் விபத்து நடந்த அன்று காலையில்தான் ரிக்குக்கு வந்து சேர்ந்தது. வேலை சுமார் ஆறு வாரம் பின்தங்கியிருந்தது, செலவு திட்டமிட்டதைவிட 5.8 கோடி டாலருக்கும் மேல் கூடியிருந்தது, ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 10 லட்சம் டாலர் கரைந்துகொண்டிருந்தது. அந்த நெருக்கடியில் இருப்பவர்களிடம் போய் இப்போது நிறுத்தலாமா என்று கேட்டால் நேர்மையான பதில் கிடைப்பது கடினம். அதனால்தான், எந்த அறிகுறி தெரிந்தால் வேலையை நிறுத்துவது என்பதை ரிக் வாடகைக்கு வருவதற்கு முன்பே, கரையில் அமர்ந்து, எண்களோடு எழுதி வைக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துகிறேன்.

ஆழ்கடலில் இந்தத் தேவை ஏன் கூடுகிறது என்பதை ஒரு கணக்கால் விளக்கலாம். துளையிடும்போது கிணற்றுக்குள் பாரைட் போன்ற கனப்பொருள்கள் கலந்த திரவத்தை இடைவிடாமல் சுழலவிடுகிறோம். தொழிலில் அதை மட் என்போம். அதன் எடை, பாறையின் நுண்துளைகளில் அடைபட்டிருக்கும் நீர், எண்ணெய், வாயு ஆகியவற்றின் அழுத்தத்தைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்க வேண்டும்; குறைந்தால் அவை கிணற்றுக்குள் புகுந்துவிடும். பாறை தாங்கும் அளவை அது தாண்டிவிட்டாலோ பாறை பிளந்து மட் அதற்குள் ஓடிவிடும். நிலத்தில் 1,000 மீட்டர் ஆழத்தில், நன்னீரின் அடர்த்தியை 1 என்று கொண்டால், இயல்பான அழுத்தமுள்ள பாறைப் படிவத்தில் மட்டின் அடர்த்திக்கான கீழெல்லை ஏறக்குறைய 1.03 ஆகவும், மேலிருந்து அழுத்தும் படிவங்களின் சராசரி அடர்த்தி 1.9-ஐ ஒட்டியும் இருக்கும். பாறை பிளக்கும் எல்லை இந்த இரண்டாவது எண்ணுக்குச் சற்றுக் கீழே வரும். அதே 1,000 மீட்டர் படிவத்தின் மேல் 1,500 மீட்டர் கடல்நீர் நின்றால் என்ன ஆகும்? கப்பலிலிருந்து கணக்கிட வேண்டிய ஆழம் 2,500 மீட்டர், அதில் பாதிக்கும் மேல் வெறும் தண்ணீர். மேலிருந்து அழுத்தும் சராசரி அடர்த்தி 1.38-க்கு இறங்கிவிடுகிறது. கீழெல்லையோ 1.03-லேயே நிற்கிறது. நிலத்தில் தாராளமாக இருந்த இடைவெளி இங்கே மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் மிஞ்சுகிறது.

படிவத்தின் அழுத்தம் இயல்பைவிட அதிகமாக இருந்தால் அந்த இடைவெளி இன்னும் சுருங்கும். கிருஷ்ணா, கோதாவரி ஆறுகள் வண்டலை வேகமாகக் கொண்டுவந்து கொட்டிய கடற்பகுதியில், களிமண் படிவங்கள் தமக்குள் இருந்த நீரை வெளியேற்ற நேரமில்லாமல் புதைந்துபோனதால், மிகை அழுத்தம் பல இடங்களில் காணப்படுகிறது. அத்தகைய இடத்தில் மட்டின் எடையைச் சிறிதளவு கூட்டினால் பாறை பிளக்கும், சிறிதளவு குறைத்தால் வாயு உள்ளே வரும். மகோண்டோவிலும் இதுதான் நடந்தது. 2010 மார்ச் 8 அன்று படிவத் திரவம் கிணற்றுக்குள் புகுந்ததை அரை மணி நேரத்துக்கும் மேல் யாரும் கவனிக்கவில்லை. ஏப்ரல் 9 அன்று அதற்கு நேர்மாறாக மட் பாறைக்குள் ஓடியது. எண்ணிய ஆழத்துக்குப் போகாமலேயே 18,360 அடியில் துளையிடலை நிறுத்த வேண்டியதாயிற்று. அவ்வளவு நொய்ந்த கிணற்றின் அடியில்தான் பிறகு சிமெண்ட் செலுத்தினார்கள்.

ஆய்வுக் கிணற்றுக்கு முன்னால் இந்த இரு எல்லைகளையும் யாரும் நேரில் அளந்ததில்லை. நில அதிர்வு ஆய்வில் ஒலி அலைகள் படிவங்களினூடே பயணித்த வேகத்தைக் கொண்டு அழுத்தத்தைக் கணிக்கிறோம்; அருகில் ஏற்கெனவே தோண்டிய கிணறு இருந்தால் அதன் பதிவுகளோடு ஒப்பிடுகிறோம். மன்னார் படுகையில் இலங்கைப் பக்கம் 2011-இல் ஜப்பானின் சிக்யூ கப்பலைக் கொண்டு 1,300 மீட்டருக்கும் அதிகமான கடல் ஆழத்தில் துளையிட்டபோது, ஒப்பிடுவதற்கு அருகில் அநேகமாக எதுவும் இருக்கவில்லை. டொராடோ, பாரக்குடா என்ற இரண்டு கிணறுகளில் எரிவாயு கிடைத்தது. அது இன்றுவரை உற்பத்திக்கு வரவில்லை. இப்படிப்பட்ட புதிய படுகையில், கணிப்பை ஒற்றைக் கோடாக வரைந்து காட்டும் திட்டத்தை நான் ஏற்பதில்லை. குறைந்தபட்சம், அதிகபட்சம், எதிர்பார்ப்பது என மூன்று கோடுகள் வேண்டும். அதிகபட்சக் கோடு உண்மையாகிவிட்டால் கிணற்றுச் சுவரைக் காக்கும் கேசிங் குழாயைக் கூடுதலாக எந்த ஆழத்தில் இறக்குவது, அந்தக் குழாய் கப்பலிலேயே இருக்கிறதா, அதை இறக்கிய பிறகும் இலக்கு வரை துளையிடப் போதிய விட்டம் மிஞ்சுமா என்பதெல்லாம் திட்டத்திலேயே இருக்க வேண்டும். அளவீடுகள் அதிகபட்சக் கோட்டையும் தாண்டினால் கிணற்றை அத்தோடு மூடிவிட வேண்டும் என்ற வரியும் அதே பக்கத்தில் இருக்க வேண்டும். முதலீட்டாளர்களுக்கு அந்த வரி பிடிக்காது. ஆனாலும் அது அங்கே இருந்தாக வேண்டும்.

ஒரு கிணற்றுக்கான முன்தயாரிப்புக் கூட்டம் நினைவுக்கு வருகிறது. துளையிடும் வேலையைத் தொடக்கம் முதல் முடிவு வரை காகிதத்திலேயே ஒருமுறை நடத்திப் பார்க்கும் கூட்டம் அது. ரிக் ஊழியர்கள், சிமெண்ட் நிறுவனத்தார், புவியியலாளர்கள் எல்லோரும் மேசையைச் சுற்றி இருந்தார்கள். படிவத் திரவம் கிணற்றுக்குள் புகுந்தால் மட் திரும்பி வரும் தொட்டிகளில் அளவு ஏறும். அந்த அளவை இரவும் பகலும் திரையில் பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய இளைஞர் ஒருவர் எழுந்து, “சார், டேங்க் லெவல் எவ்வளவு ஏறினா நான் டிரில்லரைக் கூப்பிடணும்?” என்று கேட்டார். டிரில்லர் என்பவர் துளையிடும் இயந்திரத்தை இயக்குபவர். ஐந்து பேரல் என்றார் ஒருவர். பத்து பேரல் வரை பொறுக்கலாம், கப்பல் ஆடுவதாலேயே அளவு ஏறி இறங்கும் என்றார் இன்னொருவர். ஏறும் போக்கைப் பார்த்து முடிவு செய்யுங்கள் என்றார் மூன்றாமவர். மூவரும் அனுபவசாலிகள்தாம், ஆனால் அதிகாலை மூன்று மணிக்குத் திரை முன் தனியாக உட்கார்ந்திருப்பவருக்கு மூன்று பதில்கள் இருந்தால் ஒரு பதிலும் இல்லை என்றே பொருள். அன்றே எழுதினோம்: ஐந்து பேரல் ஏறினால் துளையிடலை நிறுத்தி, கிணறு தானாகப் பாய்கிறதா என்று பார்க்க வேண்டும், பாய்ந்தால் முதலில் கிணற்றை மூட வேண்டும், அதற்குப் பிறகு மேலதிகாரிக்குத் தொலைபேசியில் சொல்லலாம். மூடுவதற்கு டிரில்லர் யாருடைய அனுமதிக்கும் காத்திருக்கத் தேவையில்லை என்ற வாக்கியத்துக்குக் கீழே எல்லோரும் கையொப்பமிட்டார்கள். அந்தக் கூட்டத்தில் கேட்கப்பட்ட கேள்விகளிலேயே மிகப் பயனுள்ளது அந்த இளைஞருடையதுதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

எழுதி வைக்காததன் விலை என்ன என்பதற்கு மகோண்டோவின் எதிர்மறை அழுத்தச் சோதனையே சான்று. கிணற்றின் அடியிலுள்ள சிமெண்ட் பிடித்துக்கொண்டதா என்று அறிய, மேலே இருக்கும் கனமான மட்டில் ஒரு பகுதியைக் கடல்நீரால் மாற்றி அழுத்தத்தைக் குறைத்துப் பார்ப்பதே இந்தச் சோதனை. சிமெண்ட் சரியாக இருந்தால் குழாயில் அழுத்தம் பூஜ்யத்தில் நிற்கும். அன்று மாலை துளையிடு குழாயில் 1,400 பி.எஸ்.ஐ. அழுத்தம் காட்டியது. பக்கவாட்டில் செல்லும் இன்னொரு குழாயிலோ பூஜ்யம். ஒரே கிணற்றோடு இணைந்த இரண்டு குழாய்கள் இரண்டு விதமாகக் காட்டினால், காரணம் தெரியும்வரை எதையும் தொடரக் கூடாது. ஆனால், எந்த அளவீடு வந்தால் சோதனை தோல்வி என்பதற்கு எழுதப்பட்ட வரையறை எதுவும் ரிக்கில் இருக்கவில்லை. அப்படி ஒன்று இருக்க வேண்டும் என்று அன்றைய அமெரிக்க விதிகளும் கேட்கவில்லை. பூஜ்யம் காட்டிய குழாயை நம்பி, மற்றதற்கு ஒரு விளக்கம் சொல்லி, சோதனை வெற்றி என்று முடிவு செய்தார்கள். அன்றிரவு 9 மணிக்குச் சற்று முன்பே படிவத் திரவம் கிணற்றுக்குள் புகத் தொடங்கிவிட்டது. 9.49-க்கு ரிக் வெடித்தது. அங்கிருந்தவர்கள் வேலை தெரியாதவர்கள் அல்லர். ஒரு எண்ணை என்ன பெயரிட்டு அழைப்பது என்ற முடிவை, அவசரத்தில் இருந்த அவர்கள் தலையிலேயே திட்டம் சுமத்திவிட்டது.

நம் வங்கக் கடலுக்குத் திட்டமிடும்போது இதோடு புயலும் சேர்கிறது. 1989 நவம்பர் 3 அன்று தாய்லாந்து வளைகுடாவில் சீக்ரெஸ்ட் என்ற துளையிடு கப்பல் கே சூறாவளியில் கவிழ்ந்து 91 பேர் மாண்டார்கள். அதே சூறாவளி மலாய் தீபகற்பத்தைக் கடந்து வங்கக் கடலில் மீண்டும் வலுப்பெற்று, சில நாள் கழித்து ஆந்திரத்தின் காவலி அருகே கரையைத் தாக்கியது. கப்பலையும் கடலடியையும் இணைக்கும் ரைசர் என்ற நீண்ட குழாயை விடுவித்து மேலே இழுக்க, 1,500 மீட்டர் ஆழத்தில் ஒரு நாளுக்கும் மேல் ஆகலாம். கிணற்றைப் பாதுகாப்பாக மூடுவதற்கு அதற்கு முன்னால் நேரம் வேண்டும். ரைசரைக் கழற்றும்போது இன்னொன்றும் நடக்கிறது. அதற்குள் இருந்த மட்டின் எடை போய், அந்த இடத்தில் கடல்நீரின் எடை மட்டுமே கிணற்றின் மேல் நிற்கும். மட்டின் அடர்த்தி 1.3 என்றால், 1,500 மீட்டரில் சுமார் 40 பார் அழுத்தம் ஒரே கணத்தில் குறைந்துவிடும். அந்த இழப்பை ஈடுகட்டும் அளவுக்கு முன்கூட்டியே மட்டின் எடையைக் கூட்டி வைக்க ஆழ்கடலின் குறுகிய இடைவெளி பெரும்பாலும் இடம் கொடுக்காது. ஆகவே கழற்றுவதற்கு முன் கிணற்றுக்குள் திடமான தடுப்பு ஒன்று வைத்தாக வேண்டும், அதற்கும் மணிக்கணக்கில் நேரம் வேண்டும். எனவே புயல் எத்தனை கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது என்பதைவிட, அது வந்து சேர எத்தனை மணி நேரம் ஆகும் என்பதும், அன்று கிணறு இருக்கும் நிலையில் மூடிக் கழற்றி விலக எத்தனை மணி நேரம் ஆகும் என்பதுமே முக்கியம். இரண்டாவது எண் நாள்தோறும் மாறும். அதை நாள்தோறும் கணக்கிட்டு வானிலை அறிக்கையோடு ஒட்டிவைக்காத ரிக்கில் நானாக இருந்தால் துளையிட அனுமதிக்க மாட்டேன். அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மாதங்களில் ஆய்வுக் கிணற்றைத் தொடங்காமல் இருக்க முடியுமானால் அதுவே நல்லது.

எல்லாம் கைமீறிப்போனால் என்ன செய்வது என்பதும் துளையிடும் முன்பே விடை தெரிந்திருக்க வேண்டிய கேள்விதான். மகோண்டோவில் எண்ணெய் 87 நாள் பீறிட்டது. கசிவின் மேல் முதலில் இறக்கிய பெரிய எஃகுக் கூண்டு, 1,500 மீட்டர் ஆழத்துக் குளிரிலும் அழுத்தத்திலும் வாயுவும் நீரும் சேர்ந்து உறைந்த ஹைட்ரேட் பனியால் அடைபட்டுப் பயனற்றுப் போனது. ஜூலை 15 அன்று புதிதாகச் செய்து பொருத்திய மூடிதான் ஓட்டத்தை நிறுத்தியது. பக்கத்திலிருந்து துளைத்துக் கிணற்றின் அடியைத் தொடும் நிவாரணக் கிணறு மே 2-இல் தொடங்கி செப்டம்பர் மத்தியில்தான் இலக்கை அடைந்தது. இன்று அத்தகைய மூடிகள் ஆயத்தமாக வைக்கப்பட்டுள்ள இடங்களில் நமக்கு அருகிலிருப்பது சிங்கப்பூர். அங்கிருந்து எந்தக் கப்பல் அதை ஏற்றிவரும், எந்தத் துறைமுகத்தில் சுங்க அனுமதி பெறும், நம் கிணற்றின் வாயில் அது அளவொத்துப் பொருந்துமா, நிவாரணக் கிணறு தோண்ட இரண்டாவது ரிக் எங்கிருந்து வரும் என்ற கேள்விகளுக்குத் திட்ட அறிக்கையில் பொத்தாம் பொதுவான பத்திகளைப் பார்த்தால் நான் அறிக்கையைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

கரையோர மக்களுக்கு இதில் நேரடிப் பங்கு உண்டு. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கிழக்குக் கடற்கரையை ஒட்டிய நீரோட்டம் தெற்கு நோக்கி ஓடுகிறது. அந்த மாதங்களில் ஆந்திரக் கரைக்கு அப்பால் கசியும் எண்ணெய் தமிழகக் கரை நோக்கி இழுபடக்கூடும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும், அவற்றைச் சுற்றியுள்ள பவளப் பாறைகளும், அங்கே கடலை நம்பி வாழும் ஊர்களும் ஒரு கிணற்றின் தவறைத் தாங்கக்கூடியவை அல்ல. ஆனால் 2020 ஜனவரியில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் எண்ணெய், எரிவாயு ஆய்வுத் துளையிடலைப் பி2 பிரிவுக்கு மாற்றிவிட்டது. அந்தப் பிரிவில் மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் கட்டாயமில்லை. சட்டம் கேட்காத கேள்வியை மீனவர்கள் கேட்டால், அதை இடையூறாக எண்ணாமல் பதில் சொல்ல வேண்டிய கடமை என் தொழிலில் இருப்பவர்களுக்கு உண்டு. ரிக்கைச் சுற்றி 500 மீட்டருக்குள் வராதீர்கள் என்று மட்டும் அறிவிப்பது போதாது. இந்தக் கிணற்றை எந்தெந்த நிலையில் நிறுத்துவோம், புயல் வந்தால் எத்தனை மணி நேரத்தில் மூடுவோம், கசிந்தால் மூடி எத்தனை நாளில் வந்து சேரும் என்ற மூன்றையும் ஒரே பக்கத்தில் தமிழிலும் தெலுங்கிலும் அச்சிட்டு, துளையிடல் தொடங்குவதற்கு முன்பே காக்கிநாடாவிலும் நாகப்பட்டினத்திலும், ஆழ்கடலுக்குச் சென்று மீன்பிடிக்கும் தூத்தூர் மீனவர்களிடமும் கொடுக்கலாம். அந்த ஒரு பக்கத்தை நிரப்ப முடியாத நிறுவனம் துளையிட இன்னும் தயாராகவில்லை.